ஒரே இன்ஜினை இரண்டு முறை பிரித்தேன்

இன்ஜினைச் சேர்த்து முடித்து 400 கிலோமீட்டர் ஓடியிருக்கும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து மறுபடி லேசாக மிதிக்கும் நேரத்தில், அடியிலிருந்து கனமாக ஒரு 'டொக் டொக்' கேட்டது. வால்வைத் திறக்க உதவும் டேப்பெட்டின் சத்தம் என்றால் மேலிருந்து, தையல் மெஷின் ஓடுவது போல மெலிதாக வரும். இது அது இல்லை. வண்டியை ஓரங்கட்டி அணைத்துவிட்டு, கயிறு கட்டி இழுத்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன். ஏழு மாத வார இறுதிகளைக் கொடுத்துச் சேர்த்த இன்ஜின். அதை மறுபடி இறக்க வேண்டும் என்பது வழியிலேயே தெரிந்துவிட்டது.

முதல் முறை எதைச் செய்யாமல் விட்டேன் என்பது இரண்டாவது முறை பிரித்தபோதுதான் புரிந்தது. வீட்டில் தன் முதல் இன்ஜினைப் பிரிக்கப் போகிற ஒருவருக்காக இதை எழுதுகிறேன்.

கார் அப்பா ஓட்டியது. நாலு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், ஒரு கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், புஷ் ராடு, டைமிங் செயின். கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. கற்றுக்கொள்ள நினைப்பவர்களுக்கு இந்த வகை இன்ஜினைத்தான் சொல்வேன். நடப்பது எல்லாம் கண்ணால் பார்க்கிற மாதிரி, கையால் தொடுகிற மாதிரி இருக்கும். கடைசி வருடங்களில் மேட்டில் ஏறும்போது நீலப் புகை தள்ளியது, ஆயில் குடித்தது, ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) மிஸ் அடித்தது. பலரும் "இன்ஜின் முடிஞ்சுது, வேற பாருங்க" என்றார்கள்.

பிரிப்பதற்கு முன் ஒரு நல்ல காரியம் செய்தேன். கம்ப்ரெஷன் பார்த்தேன். இன்ஜினைச் சூடாக்கி, இக்னிஷனைத் துண்டித்து, நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, த்ராட்டிலை முழுவதும் திறந்து வைத்துச் சுற்றினால் ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் கொடுக்கிறது என்று கேஜில் தெரியும். எனக்கு வந்தது 140, 135, 95, 100 பி.எஸ்.ஐ. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் 3, 4 இரண்டும் இறங்கியிருந்ததால் நடுவில் ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் பிளாக்குக்கும் அதன் மேல் மூடும் ஹெட்டுக்கும் இடையில் இருக்கும் அடைப்புத் தகடு) போயிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். பிளக் ஓட்டை வழியாக ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்த்தபோது கதை மாறியது. 3ஆவது 130க்கு ஏறியது, 4ஆவது அசையவில்லை. விட்ட ஆயில், பிஸ்டனில் மாட்டியிருக்கும் ரிங்கைச் சுற்றிச் சற்று நேரம் அடைத்துக்கொள்ளும். வால்வில் ஓட்டை இருந்தால் ஆயிலால் ஒன்றும் ஆகாது. ஆக 3இல் ரிங், 4இல் வால்வு. இந்த ஐந்து நிமிட வேலையைச் செய்யாமல் எந்த இன்ஜினையும் இறக்காதீர்கள். பிரித்த பிறகு இந்தக் கேள்வியை அதனிடம் கேட்க முடியாது.

இறக்கும் வேலையைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். பேட்டரியை முதலில் துண்டியுங்கள். பெட்ரோலை முழுவதும் வடித்து, மூடிய கேனில் வீட்டுக்கு வெளியே வையுங்கள். கிரேனை வாடகைக்கு எடுங்கள். இந்த இன்ஜின் சின்னதுதான், ஆனாலும் 100 கிலோவுக்கு மேல். தொங்கும் இன்ஜினுக்கு அடியில் விரல்கூடப் போகக் கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் யாரும் படுக்க வேண்டாம், ஸ்டாண்டு வைத்த பிறகுதான்.

பிரிக்கும்போது என் மகள்தான் கூட இருந்தாள். கழற்றுகிற ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து, ஜிப் பையில் போட்டு, ஸ்டிக்கர் எழுதி ஒட்டுவது அவள் வேலை. ஹெட் போல்ட்டுகளுக்கும் புஷ் ராடுகளுக்கும் ஒரு அட்டையில் ஓட்டை போட்டு, வெளியே வந்த வரிசையிலேயே குத்தி வைத்தாள். "அப்பா, இந்த மூடி 3ஆம் நம்பர் ராடோடதுதானே? இந்தப் பக்கமா அந்தப் பக்கமா?" என்று அவள் கேட்டபோதுதான் பிஸ்டனைச் சுழலும் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடுகளின் மூடிகளில் நான் குறி எதுவும் போடவில்லை என்பதே உறைத்தது. நல்ல வேளை, அது ஒன்றுதான் கழன்றிருந்தது. ராடும் மூடியும் ஒன்றாகப் பூட்டி ஒரே துளையாகக் கடையப்பட்டவை. 2இன் மூடி 3க்குப் பொருந்துவது போலத் தெரியும், திருப்பிப் போட்டாலும் பொருந்துவது போலத் தெரியும், ஆனால் உள்ளே வட்டம் வட்டமாக இருக்காது. கிராங்கைத் தாங்கும் மெயின் பேரிங் மூடிகளும் அப்படித்தான். நம்பரும் முன்பக்கம் எது என்பதும் குறிக்காமல் ஒரு நட்டைக்கூடத் தளர்த்தக் கூடாது.

சரி, இப்போது என் முதல் பெரிய தவறு. பிரித்த அன்று மாலையே எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் போட்டுக் கழுவிவிட்டேன். பளபளவென்று அடுக்கி வைத்துப் பார்ப்பதில் ஒரு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில் இன்ஜின் எனக்குச் சொல்ல வைத்திருந்தது பாதிக்கு மேல் கரைந்து போனது. எந்த பிஸ்டன் தலையில் ஈரமான கரி, எதில் காய்ந்த சாம்பல் நிறக் கரி? ஹெட் கேஸ்கெட்டில் கருப்புக் கோடு எந்த இரண்டு சிலிண்டருக்கு நடுவில் ஓடுகிறது? ஆயில் தேங்கும் சம்பின் அடியில் கிடந்த கசடில் வெள்ளித் தூள் இருந்ததா, செம்பு நிறம் இருந்ததா? இவை எல்லாம் அழுக்கில்தான் எழுதியிருக்கும். கழுவிய பிறகு மிஞ்சுவது வெறும் இரும்பு.

மிஞ்சியவையும் கொஞ்சம் பேசின. 4ஆவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு விளிம்பில் நகம் அளவுக்கு எரிந்து போயிருந்தது. வால்வு தன் சூட்டில் பெரும்பகுதியை சீட்டில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில்தான் ஹெட்டுக்குக் கடத்துகிறது. டேப்பெட் இடைவெளி குறைந்துவிட்டால் அது முழுவதும் உட்காராது, சூடு போக வழியில்லாமல் விளிம்பு எரியும். சீட் தேயத் தேய இடைவெளி தானாகவே குறையும், சத்தமும் குறையும். இன்ஜின் அமைதியாகிவிட்டது என்று நாங்கள் மகிழ்ந்த அந்த வருடங்களில்தான் அந்த வால்வு எரிந்துகொண்டிருந்தது. 3ஆவது பிஸ்டனில் ரிங்குகள் கரி இறுகிக் காடியிலேயே ஒட்டிக்கிடந்தன.

அளக்கும் கருவிகளைக் கடன் வாங்கினேன். வெளிவிட்டம் அளக்க மைக்ரோமீட்டர், உள்விட்டத்துக்கு டயல் போர் கேஜ். சிலிண்டரை மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில், ஒவ்வொரு இடத்திலும் குறுக்கும் நெடுக்குமாக அளக்க வேண்டும். புதிதில் 75.00 மி.மீ. இருந்திருக்க வேண்டிய 3ஆவது சிலிண்டர், மேல் ரிங் திரும்பும் இடத்துக்குச் சற்றுக் கீழே, பிஸ்டன் சாய்ந்து அழுத்தும் திசையில் 75.14. அதே உயரத்தில் மற்றத் திசையில் 75.05. அடியில் 75.02. அதாவது வட்டம் முட்டையாகியிருக்கிறது, மேல் வாய் அகன்றிருக்கிறது. விரலால் தடவினால் மேலே தேயாத பகுதி ஒரு திட்டு போல நின்றது. புது ரிங்கை மட்டும் மாற்றியிருந்தால் அந்தத் திட்டில் மோதி உடைந்திருக்கும்.

போர் போடுவது (சிலிண்டரைப் பெரிதாகக் கடைவது), கிராங்க் அரைப்பது, வால்வு சீட் வெட்டுவது, ஹெட் முகத்தைச் சமன் செய்வது, இவை நான்கும் லேத் பட்டறை வேலை. இவற்றை வீட்டில் முயலாதீர்கள். நான் போன பட்டறையில் இருந்த பெரியவர் பிளாக்கைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "பிஸ்டன் எங்க தம்பி?" இன்னும் வாங்கவில்லை என்றேன். "வாங்கிட்டு வாங்க. பிஸ்டனை அளந்துட்டுத்தான் அதுக்கு ஏத்த மாதிரி போர் போடுவேன்" என்றார். அது எவ்வளவு சரியான பேச்சு என்று அப்போது எனக்குத் தெரியாது. பெட்டியில் 0.50 மி.மீ. ஓவர்சைஸ் என்று போட்டிருந்தாலும் பிஸ்டனுக்குப் பிஸ்டன் நுணுக்கமான வித்தியாசம் இருக்கும். பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவில் வேண்டிய இடைவெளியோ மி.மீ.யில் நூறில் சில பங்குதான்.

முதல் முறை சேர்த்தபோது கிராங்க் ஜர்னல்கள் (பேரிங்குக்குள் சுழலும் உருண்டைப் பகுதிகள்) அளவில் நன்றாக இருந்தன. மெருகு மட்டும் போட்டுவிட்டு, ஸ்டாண்டர்ட் அளவில் புதுப் பேரிங் வாங்கினேன். பிளாக் பட்டறையிலிருந்து வந்ததும் மண்ணெண்ணெய் விட்டு, காற்று அடித்து, துணியால் துடைத்தேன். சுத்தமாகத்தான் தெரிந்தது. பூட்டினேன், ஓடியது. 400 கிலோமீட்டர்.

வீட்டுக்கு இழுத்து வந்த பிறகு ஒரே ஒரு நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு, ஒவ்வொரு சிலிண்டராக பிளக்கின் தீப்பொறியை நிறுத்திப் பார்த்தேன். 3ஐ நிறுத்தியதும் டொக் டொக் பாதியாகக் குறைந்தது. அழுத்தம் இல்லாதபோது அடி குறைகிறது என்றால் அந்த ராடின் பெரிய முனைப் பேரிங் தளர்ந்திருக்கிறது என்று பொருள். ஆயிலை வெள்ளைத் துணி வழியாக வடித்தேன். துணி மினுமினுத்தது. ஆயில் ஃபில்டரை வெட்டி மடிப்புகளைப் பிரித்துப் பார்த்தேன், அதிலும் அதே மினுமினுப்பு.

இந்த முறை எதையும் கழுவவில்லை. 3ஆம் ராடு மூடியைக் கழற்றி, பேரிங்கை அப்படியே வெளிச்சத்தில் பிடித்தேன். சுற்றிச் சுற்றி வளையம் வளையமாகக் கீறல், ஒவ்வொரு கீறலின் முடிவிலும் ஒரு பொட்டு, கரும்புள்ளியாகப் பதிந்த மணல் போன்ற துகள். ஆயில் இல்லாமல் உராய்ந்திருந்தால் பேரிங் முகம் தேய்த்து இழுத்தது போல் வழிந்திருக்கும், நிறம் மாறியிருக்கும். இங்கே ஆயில் வந்திருக்கிறது, ஆயிலோடு துகளும் வந்திருக்கிறது. ஃபில்டர் புதிதுதானே, எப்படி வந்தது? இந்தக் கேள்வியோடு இரண்டு நாள் சுற்றினேன்.

பதில் ஆயில் போகும் வழியில் இருந்தது. பம்ப் சம்பிலிருந்து உறிஞ்சி ஃபில்டருக்கு அனுப்பும். ஃபில்டரைத் தாண்டித்தான் பிளாக்கின் நீளத்துக்கு ஓடும் பெரிய வாய்க்கால். அதிலிருந்து மெயின் பேரிங், அங்கிருந்து கிராங்குக்குள் குடைந்த துளை வழியாக ராடு பேரிங். வாய்க்காலுக்குள் ஏற்கனவே கிடக்கும் அழுக்கு ஃபில்டருக்குப் போகாமல் நேராகப் பேரிங்குக்குப் போகும், வேலையை முடித்துவிட்டு சம்புக்கு வந்த பிறகுதான் ஃபில்டரில் மாட்டும். வாய்க்காலின் இரண்டு முனையிலும் இருக்கும் அடைப்பு பிளக்குகளை நான் கழற்றவே இல்லை. அவற்றைக் கழற்றி நீளமான நைலான் பிரஷ்ஷை விட்டு இழுத்தபோது சாம்பல் நிறத்தில் குழைவாக வந்தது. போர் போட்டு, கல்லால் தேய்த்து ஹோனிங் செய்தபோது விழுந்த கல் தூளும் இரும்புத் தூளும் பழைய ஆயிலில் குழைந்து அங்கேயே இருந்திருக்கின்றன. 3ஆம் ஜர்னலுக்குப் போகும் கிராங்க் துளையிலும் அதுவே இருந்தது. என் கையில் அந்தக் குழைவு ஒட்டியிருந்ததைப் பார்த்தபோது வருத்தத்தைவிட நிம்மதிதான் அதிகம். காரணம் கிடைத்துவிட்டது.

ஆகவே கழுவுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஹோனிங் செய்த சிலிண்டர் சுவரில் குறுக்கு நெடுக்காக நுண்ணிய கோடுகள் இருக்கும். ஆயில் தங்கவும் ரிங் படியவும் அவை வேண்டும், ஆனால் கல் தூளும் அவற்றில்தான் தங்கும். மண்ணெண்ணெயும் பெட்ரோலும் எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கும், தூளைத் தூக்காது. கரைந்த பிசுக்கு போய்விட, தூள் கோட்டுக்குள் இன்னும் நன்றாக உட்கார்ந்துகொள்ளும். வேண்டியது சுடு தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு, விறைப்பான பிரஷ். நுரை வரும்படி தேய்த்து, அலசி, வெள்ளைத் துணியில் ஆயில் நனைத்துச் சுவரைத் துடையுங்கள். துணியில் சாம்பல் நிறம் வந்தால் மறுபடி முதலிலிருந்து. எனக்கு ஆறாவது முறைதான் துணி வெள்ளையாக வந்தது. அலசி முடித்ததும் காற்று அடித்து உலர்த்தி, உடனே ஆயில் பூச வேண்டும். கழுவிய பச்சை இரும்பில் சில நிமிடங்களிலேயே செந்துரு ஏறத் தொடங்கும், அதனால் ஒருவர் கழுவ, ஒருவர் ஆயிலோடு தயாராக நிற்க வேண்டும். வாய்க்கால் ஒவ்வொன்றுக்கும், கிராங்க் துளை ஒவ்வொன்றுக்கும் இதே மரியாதைதான். போல்ட் துளைகளையும் மறக்காதீர்கள். அடி மூடிய துளையில் தண்ணீரோ ஆயிலோ தேங்கியிருக்கும்போது போல்ட்டை முறுக்கினால் அந்தத் திரவத்துக்குப் போக இடமில்லை. பிளாக்கே விரிசல் விடலாம்.

கீறல் விழுந்த ஜர்னலால் கிராங்க் மறுபடி பட்டறைக்குப் போனது. ராடு ஜர்னல்கள் நாலையும் 0.25 மி.மீ. அரைத்து, அதற்கேற்ற அண்டர்சைஸ் பேரிங் வாங்கினேன். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. வாய்க்கால் பிளக்குகளை மட்டும் கையில் கொடுத்து, "இதைக் கடைசியாப் போடுங்க" என்றார்.

இரண்டாவது முறை எதையும் பெட்டியில் எழுதியிருந்ததை நம்பிப் பூட்டவில்லை. பேரிங் இடைவெளிக்கு பிளாஸ்டிகேஜ் என்று நூல் மாதிரி ஒன்று கிடைக்கும். துடைத்த ஜர்னல் மேல் ஒரு துண்டை வைத்து, மூடியைச் சொன்ன அளவுக்கு முறுக்கி, கிராங்கைச் சுற்றாமல் மறுபடி கழற்றினால் நூல் நசுங்கியிருக்கும். எவ்வளவு அகலமாக நசுங்கியிருக்கிறதோ அவ்வளவு இடைவெளி குறைவு. அதன் உறையிலேயே அளவுகோல் அச்சடித்திருக்கும். எனக்கு எல்லா ராடும் 0.04 மி.மீ. பக்கத்தில் வந்தன. நசுங்கிய நூலைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு ஆயில் பூசிப் பூட்டுங்கள்.

ரிங் முனைகளுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியையும் அளக்க வேண்டும். ரிங்கை அது வேலை செய்யப்போகிற சிலிண்டருக்குள்ளேயே வைத்து, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, ஃபீலர் கேஜ் விட்டுப் பார்ப்பது. மேல் ரிங்குக்கு விட்டத்தில் ஏறக்குறைய 250இல் ஒரு பங்கு என்பது பொதுக் கணக்கு, என் இன்ஜினுக்கு 0.30 மி.மீ. பெட்டியிலிருந்து எடுத்த ஒரு ரிங் 0.15தான் காட்டியது. அப்படியே போட்டிருந்தால் சூட்டில் நீண்டு முனையும் முனையும் முட்டி, சுவரைக் கிழித்திருக்கும். நுண் அரத்தால் வெளியிலிருந்து உள்பக்கமாக மட்டும் தேய்த்து, பிசிறை எடுத்துச் சரி செய்தேன். ரிங்கில் எழுத்தோ புள்ளியோ இருந்தால் அது மேல் நோக்கி. மூன்று ரிங்குகளின் வாய்களும் ஒரே நேர்கோட்டில் நிற்கக் கூடாது.

பிஸ்டனை இறக்கும்போது ராடு போல்ட்டுகள் மேல் பழைய ரப்பர் குழாய்த் துண்டுகளைச் செருகிவிடுங்கள், ஜர்னலில் கீறாது. சுத்தியலின் மரப்பிடியால் தட்டினால் பிஸ்டன் மெதுவாக இறங்க வேண்டும். நடுவில் நின்றால் ஓங்கி அடிக்காதீர்கள், ஆயில் ரிங்கின் மெல்லிய தகடு ரிங்குகளை அழுத்திப் பிடிக்கும் கம்ப்ரெஸருக்கு வெளியே எட்டிப் பார்த்திருக்கும். ஒவ்வொரு பிஸ்டன் பூட்டிய பிறகும் கிராங்கைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றினேன். எந்தப் படியில் இறுகுகிறது என்று அப்போதுதான் தெரியும். எல்லாவற்றையும் பூட்டிவிட்டுச் சுற்றிப் பார்த்தால் தேட வேண்டிய இடம் நூறு.

கிராங்கின் முன்பின் ஆட்டத்தைத் தாங்கும் அரைவட்டத் தகடுகளில் காடி வெட்டிய முகம் கிராங்க் பக்கம் வர வேண்டும். ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று படியாக முறுக்கு அளவு காட்டும் டார்க் ரெஞ்சில் முறுக்க வேண்டும். சம்பில் சிலிக்கான் பசையைத் தாராளமாக வைக்காதீர்கள், உள்பக்கம் பிதுங்குவது பிய்ந்து விழுந்து பம்பின் வடிகட்டியை அடைக்கும். டைமிங் குறிகள் சேர்ந்த பிறகு கிராங்கை முழுதாக இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி பாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டரை வைக்கும்போது 1ஆம் சிலிண்டர் மேலே வந்தால் மட்டும் போதாது, கம்ப்ரெஷனில் மேலே வர வேண்டும். பிளக் ஓட்டையை விரலால் மூடிக்கொண்டு சுற்றினால் காற்று விரலைத் தள்ளும், அதுதான் அடையாளம்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஆயில் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரை விட்டுவிட்டுச் சுற்றினோம். அப்புறம் பிளக் போட்டு, பிடித்ததும் ஐடிலில் விடாமல் 2000 ஆர்.பி.எம். சுற்றி 20 நிமிடம், கொஞ்சம் ஏற்றி இறக்கி. இந்த வகை இன்ஜினில் வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட்டுக்கு ஆயில் பெரும்பாலும் கிராங்க் சுழன்று தெறிப்பதால்தான் கிடைக்கிறது, ஐடிலில் அது போதாது. புதுக் கேமும் தட்டை டேப்பெட்டும் முதல் அரை மணியிலேயே வீணாவது இதனால்தான். மகள் ஆயில் கேஜைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தாள், நான் ரேடியேட்டரையும் கசிவுகளையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அணைத்து, ஆற விட்டு, அந்த ஆயிலையும் ஃபில்டரையும் உடனே மாற்றினேன். அடுத்த சில நாள் மேட்டில் நன்றாக மிதித்தும், இறக்கத்தில் கியரிலேயே விட்டும் ஓட்டினேன். அழுத்தம் இருந்தால்தான் ரிங் சுவரில் படியும்.

400 கிலோமீட்டர் வந்தபோது ரேடியோவை அணைத்துவிட்டு, கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்டுக்கொண்டே ஓட்டினேன். 800இல் ஆயிலை மறுபடி வெள்ளைத் துணி வழியாக வடித்தேன். துணியை வெயிலில் விரித்து மகள் நீண்ட நேரம் உற்றுப் பார்த்தாள். "ஒண்ணும் இல்லைப்பா" என்றாள்.

கம்ப்ரெஷன் இப்போது 165, 165, 160, 165. கிராங்கின் பின்முனையில் ஆயில் கசியாமல் தடுக்கும் மெயின் சீலில் மட்டும் நிறுத்தி வைத்தால் ஒரு சொட்டு விழுகிறது. அதற்கு கியர்பாக்ஸைக் கழற்ற வேண்டும், அடுத்த மாதம் கிரேனைச் சொல்லி வைத்திருக்கிறேன்.